உள்ளேயா, வெளியேயா?



ரயில் ஓடாத ஊரில் வந்து குடியிருக்கும் ரயில்வேக்காரன் நான். டிப்ளமோ முடித்து 1980-இல் இருப்புப்பாதைப் பிரிவில் சேர்ந்து, 38 ஆண்டுகள் தண்டவாளத்தோடும் ஜல்லியோடும் மல்லுக்கட்டிவிட்டு 2018-இல் ஓய்வு பெற்றேன். மகளும் மருமகனும் உத்தியோக நிமித்தம் அந்தமான் வந்தார்கள். பேரனைப் பார்த்துக்கொள்ள நானும் பின்னாலேயே வந்து சேர்ந்தேன். வண்டூர் என்றதும் உங்களில் பலருக்கு ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளுக்குப் படகேறும் துறை நினைவுக்கு வரும். ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தால் அழைத்துப்போகும் கடற்கரையும் நினைவுக்கு வரும். எனக்கோ இப்போதெல்லாம் வண்டூர் என்றால் ஒரு பாக்குக் களம்தான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், அடுத்த வீட்டுக்காரர் பாக்கு காயவைக்கக் கட்டிய சிமெண்டுக் களம் ஒன்று இருக்கிறது. பாக்கு பரப்பாத நாட்களில் என் ஒன்பது வயதுப் பேரனும் அந்த வீட்டுச் சிறுமியும் அதில் டென்னிஸ் ஆடுகிறார்கள். நடுவே கட்டியிருப்பது மீனவர் ஒருவர் கழித்துப்போட்ட நைலான் வலைத் துண்டு. கோடுகள் அடுப்புக் கரியால் போட்டவை. முதலில் கடற்கரையிலேதான் ஆடிப் பார்த்தோம். மணலில் பந்து எழும்பவே மாட்டேன் என்றது. உருண்டால் நேரே தண்ணீருக்குத்தான் போனது. முதலை ஜாக்கிரதை என்று பலகை வைத்திருக்கும் கரையில், பந்தை எடுக்கப் பேரன் முழங்கால் தண்ணீர்வரை ஓடியதைப் பார்த்த அன்றே கடற்கரை டென்னிசுக்கு நான் முற்றுப்புள்ளி வைத்தேன்.

சென்ற மாதம் ஒரு மாலை. களத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு குழந்தைகளுக்கும் சண்டை. அந்தமான் குழந்தைகள் சண்டை போடுவது இந்தியில்தான் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அவள் 'அந்தர், அந்தர்' என்கிறாள். இவன் 'பாஹர்' என்கிறான். கடைசியில் பேரன் என்னிடம் ஓடி வந்தான்.

"தாத்தா, நீங்க பார்த்தீங்கல்ல? உள்ளயா, வெளியயா?"

நான் பார்த்தேன். பந்து கோட்டைத் தொட்டுக்கொண்டுதான் விழுந்தது. ஆனாலும் நான் பதில் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாதுடா, உன் பக்கம்தானே விழுந்தது" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டென்னிஸ் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கோட்டின் விளிம்பில் ஒரு நூலளவு பட்டாலும் பந்து உள்ளே விழுந்ததாகவே கணக்கு. தொலைக்காட்சியில் பார்க்கும் பெரிய போட்டிகளில் உயரமான நாற்காலியில் நடுவர் இருப்பார். ஆனால் உலகத்தில் ஆடப்படும் டென்னிசில் பெரும்பகுதிக்கு நடுவரே கிடையாது. சிறுவர் போட்டிகளில் முக்கால்வாசி அப்படித்தான். அப்போது விதி இதுதான்: வலைக்கு இந்தப் பக்கம் விழும் பந்தை இந்தப் பக்கத்து ஆட்டக்காரரே தீர்ப்புச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் அது எதிராளிக்குச் சாதகம். அதாவது, எந்தப் பந்து வெளியே போனால் எனக்கு லாபமோ, அந்தப் பந்துக்கு நானே நீதிபதி. கிரிக்கெட்டில் இது இல்லை, கால்பந்திலும் இல்லை. பத்து வயதுக் குழந்தையிடம் இவ்வளவு பெரிய பொறுப்பை ஒப்படைக்கும் விளையாட்டுகள் அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் டென்னிசோடு வளர்ந்தவன். ஆனால் ஆட்டக்காரனாக அல்ல, பந்து பொறுக்கும் பையனாக. திருச்சிப் பக்கம் ஒரு ரயில்வே காலனி. அப்பா ஃபிட்டர். அதிகாரிகளின் கிளப்பில் ஒரு மண் ஆடுகளம் இருந்தது. 1968-இலிருந்து நாலைந்து ஆண்டுகள், மாலை நாலரை மணிக்கெல்லாம் நாங்கள் ஆறு பையன்கள் அங்கே ஆஜராகிவிடுவோம். ஒரு மாலைக்கு நாலணா. மயிர் உதிர்ந்து மொட்டையான பந்துகள் எங்களுக்கே சொந்தம்.

அந்த ஆடுகளத்தைப் பராமரித்தவரும், ஆள் குறைந்தால் அதிகாரிகளோடு ஆடியவரும் ஒருவரேதான். அவரை 'மார்க்கர்' என்பார்கள். எங்களுக்கு மார்க்கர் அண்ணன். மூன்று மணிக்கு மண்ணுக்குத் தண்ணீர் தெளிப்பார். பிறகு ரோலரை இழுப்பார், கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போடுவார். நீளம் 78 அடி, ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 27 அடி, வலையின் நடு உயரம் 3 அடி. இந்த அளவுகள் எனக்குத் தண்டவாள அகலத்துக்கு முன்பே மனப்பாடமானவை. அப்போதெல்லாம் மட்டை மரத்தால் ஆனது. ஈரக்காற்றில் அது முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, நாலு மூலையிலும் திருகு வைத்த மரச்சட்டத்துக்குள் இறுக்கி வைப்பார்கள். மழைக்காலத்தில் அந்தத் திருகுகளை முடுக்குவது என் வேலை. பிற்காலத்தில் தண்டவாள இணைப்புத் தகடுகளின் போல்ட்டுகளை முடுக்கச் சொல்லிக் கொடுத்தபோது, இது எனக்குப் பழைய வித்தை என்று நினைத்துக்கொண்டேன்.

மண் ஆடுகளத்துக்கு ஒரு குணம் உண்டு. பந்து விழுந்த இடத்தில் தடம் பதிந்துவிடும். ஒருநாள் பெரிய அதிகாரி ஒருவர், கோட்டின் மேல் தெளிவாக விழுந்த பந்தை 'அவுட்' என்றார். எதிரே ஆடியவர் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர். ஒன்றும் சொல்லாமல் அடுத்த பந்துக்குத் தயாரானார். மார்க்கர் அண்ணனும் வாய் திறக்கவில்லை. ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு நாங்கள் ஆறு பேரும் போய்ப் பார்த்தோம். சுண்ணாம்பு சிதறி, கோட்டின் மேல் கோழிமுட்டை அளவுக்குத் தடம். மறுநாள் மூன்று மணிக்கு ரோலர் ஏறும்வரை அது அங்கேயே இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து மறுபடியும் ஒருமுறை எட்டிப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மார்க்கர் அண்ணனிடம் நாங்கள் நூறு முறை கேட்டு வாங்கிய கதை ஒன்று உண்டு. அது ராமநாதன் கிருஷ்ணன் கதை. 1937-இல் நாகர்கோவிலில் பிறந்தவர், தென்காசிக் குடும்பம். தந்தை டி.கே. ராமநாதன் தாமே பெயர் பெற்ற ஆட்டக்காரர். மகனுக்கு ஆசானும் அவரே. 1953-இல் விம்பிள்டன் சிறுவர் போட்டியின் இறுதியாட்டத்தில் கிருஷ்ணன் தோற்றார். மறு ஆண்டு அதே இடத்துக்குப் போய், ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை வென்று பட்டம் பெற்றார். ஆசியாவிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் பையன் அவர்தான். 1960, 1961 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிவரை போனார். 61-இல் கால்இறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வென்றார். முதல் ஆண்டு நீல் ஃபிரேசரிடமும் அடுத்த ஆண்டு ராட் லேவரிடமும் தோற்றார். அந்தந்த ஆண்டுப் பட்டம் அவர்களுக்கே போனது.

கிருஷ்ணனின் சர்வீஸ் வேகமானதல்ல. அவரது பலமெல்லாம் பந்தை எங்கே போடுவது என்ற கணக்கில் இருந்தது. மார்க்கர் அண்ணன் இதைச் சொல்லும்போது மட்டையைக் கரண்டிபோல் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு வெட்டு வெட்டிக் காட்டுவார். "அடிக்கிறது பெருசில்லடா, வெக்கிறதுதான் பெருசு" என்பார்.

ஆனால் அவர் உயிரை விட்டுச் சொல்லும் பகுதி 1966, கல்கத்தா. டேவிஸ் கோப்பை. பிரேசிலுக்கு எதிராக இரண்டுக்கு இரண்டு என்று நிற்கிறது. கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணனும் தோமஸ் கோக்கும் மோதுகிறார்கள். கோக் இரண்டு செட், கிருஷ்ணன் ஒன்று. நாலாவது செட்டில் கிருஷ்ணன் 2–5 என்று பின்தங்கிவிட்டார். இன்னும் ஒரே ஒரு கேம் போனால் எல்லாம் முடிந்தது. அங்கிருந்து அந்தச் செட்டை 7–5 என்று எடுத்து, ஐந்தாவதையும் வென்றார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4–1 என்று தோற்றோம். அந்த ஒன்று, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம்–ரோச் ஜோடியைச் சாய்த்த இரட்டையர் ஆட்டம்.

இந்த ஆட்டத்தின் கணக்குமுறை விசித்திரமானது. கால்பந்தில் ஐந்து நிமிடம் மீதியிருக்க மூன்று கோல் பின்தங்கியிருந்தால் கடிகாரமே நம்மைத் தோற்கடித்துவிடும். டென்னிசில் கடிகாரம் கிடையாது. கடைசிப் புள்ளியை எதிராளி எடுக்கும்வரை ஆட்டம் முடிவதில்லை. வாங்கிய புள்ளிகளின் மொத்தக் கூட்டுத்தொகைக்கும் மதிப்பில்லை. நிறையப் புள்ளி எடுத்தவர் தோற்பதும் நடக்கும். ரோஜர் ஃபெடரர் 2024-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசியபோது ஒரு கணக்குச் சொன்னார். தாம் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வென்றிருக்கிறாராம். ஆனால் ஆடிய புள்ளிகளில் வென்றது 54 சதவீதம்தானாம்! உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரே இரண்டுக்கு ஒரு பந்தைக் கிட்டத்தட்டத் தோற்றுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். தோற்ற பந்தை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த பந்துக்கு வரப் பழகாவிட்டால் இந்த ஆட்டத்தில் ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. நம் குழந்தைகள் கணக்குத் தேர்வில் முதல் கேள்வியில் தடுமாறினால் மூன்று மணி நேரமும் அதையே நினைத்து அழுகிறார்கள், பார்த்திருக்கிறீர்களா?

கிருஷ்ணனின் மகன் ரமேஷ், தாத்தாவிடமும் தந்தையிடமும் கற்றவர். தந்தை வென்று சரியாக 25 ஆண்டுகள் கழித்து, 1979-இல், அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு பிரெஞ்சு சிறுவர் பட்டமும் அவருக்கே. 1987-இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்து இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனதில் பெரும்பங்கு அவருடையது. 1989-இல் ஆஸ்திரேலிய ஓபனில், அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை வென்றார். அவருடைய சர்வீசும் மெதுவானதுதான். குடும்பச் சொத்து போலும். வென்றாலும் தோற்றாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது.

ரயில்வேக்காரன் என்ற முறையில் எனக்கு இன்னொரு குடும்பத்தின் மேல் தனிப் பாசம் உண்டு. விஜய் அமிர்தராஜின் தந்தை ராபர்ட் ரயில்வே உத்தியோகஸ்தர். சிறுவயதில் நுரையீரல் கோளாறால் அடிக்கடி மருத்துவமனையில் கிடந்த பையன் விஜய். தாயார் மேகி, தொழில் நடத்திக்கொண்டே மூன்று பிள்ளைகளையும் ஆடுகளத்துக்கு அனுப்பியவர். மூத்தவர் ஆனந்த், இளையவர் அசோக். ஓடவே மூச்சு வாங்கிய பையன் 1973-இல் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓபனிலும் கால்இறுதிவரை போனார். 74-இல் அமெரிக்க ஓபனில் போர்க்கை வென்றார். 2024-இல் சர்வதேச டென்னிஸ் புகழ்மன்றத்தில் அவரும் லியாண்டர் பயசும் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் பயஸ், சென்னையில் அமிர்தராஜ் சகோதரர்கள் பெயரால் நடந்த பிரிட்டானியா பயிற்சித் திட்டத்தில் வளர்ந்த பையன்தான்.

ஆனால் விஜய் ஆடிய ஆட்டங்களைவிட ஆடாத ஓர் ஆட்டம்தான் என் மனத்தில் நிற்கிறது. 1974-இல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிக்குத் தகுதி பெற்றது. எதிரணி தென் ஆப்பிரிக்கா. அங்கே அப்போது நிறவெறி ஆட்சி. இந்தியா ஆட மறுத்துவிட்டது. கோப்பை ஆடாமலேயே தென் ஆப்பிரிக்காவுக்குப் போனது. விஜய்க்கு அப்போது இருபது வயது. ஜெயிக்கக்கூடிய கோப்பை அது என்பது பலருடைய கருத்து. இந்தியா அந்தக் கோப்பையை இன்றுவரை வென்றதில்லை. எனக்கு அப்போது பதினாறு. "ஆடியிருக்கலாம்ல அண்ணே?" என்று நான் கேட்டதற்கு, மார்க்கர் அண்ணன் பதில் சொல்லாமல் ரோலரை இழுத்துக்கொண்டு போனார். கிளப்பில் இருபது ஆண்டு வேலை பார்த்தும் அதன் உள்ளறை நாற்காலியில் உட்காராத மனிதர் அவர் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

எனக்கு ஒரு மகள். மார்க்கர் அண்ணன் பம்ப் ஹவுஸ் சுவரில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதனின் பெயர் அப்போது எங்கும் அடிபட்டது. ரஞ்சிக் கோப்பை ஆடிய தந்தை வைத்தியநாதனே அவருக்குப் பயிற்சியாளர். 1998 ஆஸ்திரேலிய ஓபனில், ஓபன் யுகத்தில் கிராண்ட்ஸ்லாம் போட்டியின் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயரை நிருபமா பெற்றார். தந்தை சொல்லிக்கொடுத்து மகள் ஜெயித்தாள் என்ற செய்தி என்னைப் போன்ற தகப்பன்மார் எத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுத்ததோ! நான் அப்போது வெளிமாநிலத்தில் பணியில் இருந்தேன். தமிழ் பேச அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. அலுவலகம், வீடு, மகளின் டென்னிஸ் – இவ்வளவுதான் என் உலகம்.

1999. அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு சிறுமியர் போட்டி, அரையிறுதி. சிமெண்டுத் தரை, நடுவர் கிடையாது. மூன்றாவது செட்டில் 5–4, 40–30. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் இறுதியாட்டம். எதிர்ப்பக்கத்துப் பெண் அடித்த பந்து நீளமாக வந்து பின்கோட்டருகே விழுந்தது. அடித்த பெண்ணே அது வெளியே என்று நினைத்துக் கை குலுக்க வலையை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டாள். நான் வேலிக்கு வெளியே எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். என் மகள் தலையை ஆட்டி, "இன்" என்றாள்.

சிமெண்டில் தடம் பதியாது. அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. புள்ளி சமமாயிற்று, கேம் போயிற்று, அடுத்த இரண்டு கேமும் போயின. 5–7.

ராத்திரி ரயிலில் ஊர் திரும்பினோம். அவள் ஜன்னலோரம். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "உன்னை யாரு கேட்டா?" அதற்குப் பிறகு காலையில் இறங்கும்வரை நான் பேசவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன், அவள் தொடவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

இதை எழுதும்போது என் இலாகா நினைவுக்கு வருகிறது. இருப்புப்பாதையில் 'கீமேன்' என்று ஒரு தொழிலாளி உண்டு. விடியற்காலையில் தோளில் சம்மட்டியும் சாவியுமாகத் தன் பங்குக்கு உள்ள சில கிலோமீட்டர் பாதையைத் தனியாக நடந்து பார்ப்பார். தளர்ந்ததை இறுக்குவார், உடைந்ததைக் கண்டால் சிவப்புக்கொடி காட்டுவார். அவர் பார்த்தாரா பார்க்கவில்லையா என்று பக்கத்தில் நின்று கவனிக்க ஆள் கிடையாது. 'சரியாக இருக்கிறது' என்று அவர் சொல்வதை நம்பித்தான் பின்னால் ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டே வருகிறார்கள். இதை எத்தனையோ புதுத் தொழிலாளிகளுக்கு நான் வகுப்பெடுத்தவன். அந்த வகுப்பெடுத்த வாயால்தான் மகளிடம் அப்படிக் கேட்டேன்.

அவள் இன்னும் ஒரு வருடம் ஆடினாள். பிறகு, படிப்பு இருக்கிறது என்று நிறுத்திக்கொண்டாள். நானும் காரணம் கேட்கவில்லை. மட்டையை யாருக்கோ கொடுத்துவிட்டோம்.

வண்டூருக்கு வந்த பிறகு ஒருநாள், சமையலறையில் அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். "அந்தப் பந்து நெஜமாவே கோட்டுல பட்டுச்சாம்மா?"

எந்தப் பந்து என்று அவள் கேட்கவில்லை. "பட்டுச்சுப்பா. பாதிப் பந்து கோட்டுல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தோத்ததெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல. நீங்க ராத்திரி முழுக்கப் பேசாம வந்தீங்கல்ல, அதுதான் ஞாபகம் இருக்கு" என்றாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. பேரனைச் சாப்பிடக் கூப்பிடச் சொன்னாள்.

டென்னிஸ் நல்ல குணங்களைக் கற்றுத் தரும் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கோட்டில் விழுந்த பந்தை வெளியே என்று சொல்லிப் பழகிய பையன்களையும் இதே விளையாட்டுத்தான் உருவாக்கியிருக்கிறது. அதில் பாதிப்பேருக்கு வேலிக்கு வெளியே என்னைப் போல ஒரு தகப்பன் நின்றிருப்பான். விளையாட்டு குழந்தைக்கு ஒரு வாய்ப்பைத்தான் கொடுக்கிறது. மீதி பெரும்பாலும், தோற்றுவிட்டு வீடு திரும்பும் வழியில் நாம் என்ன பேசுகிறோம் என்பதில் தீர்மானமாகிவிடுகிறது.

பெரிய ஆட்டங்களில் இந்தச் சங்கடமே தீர்ந்துவருகிறது. 2025-இல் விம்பிள்டன், கோடு பார்க்கும் நடுவர்களை அடியோடு எடுத்துவிட்டு, தீர்ப்பைக் கேமராக்களிடமும் கணினியிடமும் ஒப்படைத்தது. பாரிஸில் மட்டும் அந்த ஆண்டும் ஆட்கள் நின்றார்கள். அங்கே மண் தரை, தடம் பார்க்கலாம். விம்பிள்டன் இயந்திரத்தை முதல் ஆண்டிலேயே, ஆட்டத்தின் நடுவே யாரோ தவறுதலாக அணைத்துவைத்துவிட்டார்கள் என்பது தனிக் கதை. சிக்னல் கோளாறுகளோடு ஆயுளைக் கழித்த எனக்கு அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அதே 2025-இலிருந்து, ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் வெளியிலிருந்து யோசனை சொல்லவும் விதி இடம் கொடுத்துவிட்டது. முன்பெல்லாம், டேவிஸ் கோப்பை போன்ற அணிப் போட்டிகள் நீங்கலாக, உள்ளே போன ஆட்டக்காரர் பெரும்பாலும் தனி ஆள்தான். எனக்குப் பழைய முறைதான் பிடிக்கும். வயதானவன் அப்படித்தான் சொல்வான் என்று நீங்கள் நினைத்தால் அதற்கும் மறுப்பில்லை.

தங்கள் குழந்தையைச் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்கும் சங்கத்துக் குடும்பங்களுக்கு நான் சொல்வது சுருக்கமானது. இங்கிருந்து போட்டி ஆட வேண்டுமானால் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ விமானம் ஏற வேண்டும், அல்லது கப்பலில் மூன்று நாள். பெரிய ஆட்டக்காரராக்கும் கனவோடு தொடங்க வேண்டாம். முதல் இரண்டு ஆண்டுக்கு ஒரு சுவர் போதும். பெரியவர்கள் ஆடும் மஞ்சள் பந்தைச் சின்னக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், அது தலைக்கு மேல் எழும்பும். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மூன்று வகை மெதுப்பந்துகள் கிடைக்கின்றன. சிவப்பு வழக்கமான பந்தைவிட 75 சதவீதம் மெதுவானது, ஆரஞ்சு 50 சதவீதம், பச்சை 25 சதவீதம். பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் இவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012-இலேயே விதி செய்துவிட்டது. மட்டை குழந்தையின் உயரத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும். வளர்ந்துவிடுவான் என்று சட்டை எடுப்பதுபோல் பெரிதாக வாங்கினால் மணிக்கட்டு வலிக்கும்.

இனி, பாக்குக் களத்தில் பேரனை நிறுத்திவைத்துவிட்டு வந்தேனே, அங்கே போவோம்.

"உன் பக்கம்தானே விழுந்தது" என்றதும் அவனுக்கு என்மேல் கோபம். தாத்தா தன் கட்சி இல்லை என்பது அவன் எதிர்பாராதது. வலையருகே அந்தச் சிறுமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். இவன் கோட்டருகே போய்க் குனிந்து பார்த்தான். சிமெண்டில் என்ன தெரியும்? கரிக்கோடு ஏற்கெனவே பாதி அழிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஜாலி பாயிலிருந்து திரும்பும் படகுகளின் சத்தம் கேட்ட திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு நிமிடம் இருக்கும்.

"அந்தர்" என்றான், யாருக்கும் கேட்காத குரலில்.

"க்யா?" என்றாள் அவள்.

"அந்தர் போலா நா!" என்று கத்திவிட்டு, பந்தை அவள் பக்கம் உருட்டினான். அடுத்த சர்வீஸ் அவளுடையது. அந்தப் பந்தும் அவன் கைக்குச் சிக்கவில்லை. இருட்டும்வரை ஆடினார்கள். அவள்தான் ஜெயித்தாள். வீட்டுக்கு நடந்தபோது அவன் ஒன்றும் பேசாமல் வந்தான். வாசலுக்கு வந்ததும், ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். தோசை என்றான். அம்மாவிடம் சொல்லச் சொல்லிவிட்டு, மட்டையை வாங்கிச் சுவரோரம் சாய்த்துவைத்தேன்.